ஈரலும் தலைமுறையுரிமையும்: நலமான பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை பிறப்பது எவ்வாறு?



தலைமுறையுரிமை என்ற அலகைத் தோட்டப் பட்டாணியின் உயரத்தோடும் விதையின் நிறத்தோடும் தொடங்குவீர்கள். 3:1 என்ற விகிதத்தை மனனம் செய்துவிட்டால் அலகு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதே விகிதத்தை ஒரு குடும்பத்தில் வைத்துக் கேட்டால், வகுப்பில் நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுகிறார்கள். "தாய்க்கும் நோயில்லை, தந்தைக்கும் நோயில்லை, ஆகவே இது பரம்பரை நோயல்ல" என்று எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள். இந்தத் தவறைத் திருத்துவதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறேன். வழக்கமாகக் காட்டப்படும் தலசீமியாவை விட்டு, ஈரலைத் தாக்கும் ஒரு நோயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதன் பெயர் வில்சனின் நோய். உங்கள் வயதுப் பிள்ளைகளையே இது பெரும்பாலும் பிடிக்கிறது. நேரத்தோடு கண்டறிந்தால் மருந்தினால் கட்டுப்படுத்தலாம் என்பதால், இங்கே தலைமுறையுரிமைக் கணக்கு ஓர் உயிரைக் காக்கும் கணக்காகவும் ஆகிறது.

ஈரலும் செப்பும்

ஈரலின் தொழில்களை முன்னரே படித்திருக்கிறீர்கள். பித்தத்தைச் சுரத்தல், மேலதிக குளுக்கோசைக் கிளைக்கோசனாகச் சேமித்தல், அமினோவமிலங்களிலிருந்து யூரியாவை ஆக்குதல், நச்சுப் பொருள்களை மாற்றுதல் எனப் பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு புரதம் நடத்துகிறது. பெரும்பாலும் அது ஒரு நொதியமாக இருக்கும். புரதம் எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு பரம்பரையலகில் உள்ளது. பரம்பரையலகில் விகாரம் ஏற்பட்டால் புரதம் பிழையாக அமையலாம். ஈரலின் ஒரு தொழில் மட்டும் நின்றுபோகலாம். மற்றத் தொழில்கள் வழமைபோல நடக்கும். அதனாலேயே இத்தகைய நோய்கள் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்துவிடுகின்றன.

வில்சனின் நோயில் நின்றுபோவது செப்பை வெளியேற்றும் தொழில். செப்பு நமக்கு வேண்டாத பொருளல்ல. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் செப்பு தேவை. நாம் உண்ணும் உணவில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. சிறுகுடலில் உறிஞ்சப்படும் செப்பு ஈரல்வாயி நாளம் வழியே ஈரலை அடைகிறது. ஈரற் கலங்கள் அதில் ஒரு பங்கைச் செரூலோபிளாசுமின் என்ற புரதத்தில் இணைத்துக் குருதிக்கு அனுப்புகின்றன. மிகுதியைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளுகின்றன. இந்த இரு வேலைகளையும் செய்வது ஒரே புரதம். ஏ.ரி.பி.யின் சக்தியைச் செலவிட்டுச் செப்பை இறைக்கும் பம்பி அது. அதற்குரிய பரம்பரையலகின் பெயர் ஏ.ரி.பி. 7பி. அது 13ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. 1993ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 13ஆம் நிறமூர்த்தம் இலிங்க நிறமூர்த்தமல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனவே ஆண், பெண் இரு பாலாரையும் இந்நோய் ஒருபோலத் தாக்கும்.

இப்புரதம் 1465 அமினோவமிலங்களால் ஆனது. ஐரோப்பியரில் அதிகம் காணப்படும் விகாரத்தில் 1069ஆம் இடத்திலுள்ள ஒரேயொரு அமினோவமிலம் மட்டும் மாறியிருக்கிறது. ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் ஒன்று மாறியதற்கே பம்பி சரிவர வேலை செய்வதில்லை. இதுவரை 500இற்கும் மேற்பட்ட விகாரங்கள் இப்பரம்பரையலகில் கண்டறியப்பட்டுள்ளன.

பம்பி நின்றால் செப்பு ஈரலிலேயே தேங்கும். கலங்கள் சேதமடையும்; ஈரல் வடுப்பட்டு இறுகும். இந்நிலையைச் சிரோசிசு என்பர். மதுபானத்தால் வருவது என்று மட்டும் சிரோசிசைப் படித்திருப்பீர்கள். மதுவை நுகர்ந்தும் பாராத பத்து வயதுப் பிள்ளைக்கும் அது வரலாம் என்பதற்கு இந்நோய் சான்று. ஈரல் நிரம்பிய பின் செப்பு குருதிவழியே மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது.

பிள்ளைகளில் ஈரல் அறிகுறிகள் பொதுவாக ஐந்து வயதுக்குப் பின்னரே தோன்றும். களைப்பு, பசியின்மை, வயிறு வீங்குதல், கண் மஞ்சளாதல் ஆகியன வரும். ஊரில் இதைச் செங்கண்மாரி என்று சொல்லிக் கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், மாதங்கள் கழியும். கிருமியால் வரும் செங்கண்மாரி பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறைந்துவிடும். குறையாதது, மீண்டும் மீண்டும் வருவது, காரணம் தெரியாதது எதுவானாலும் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். மூளையைத் தாக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் பதின்ம வயதிலும் அதன் பின்னரும் வரும். கை நடுங்கும், பேச்சுக் குழறும், அழகாக எழுதிய பிள்ளையின் கையெழுத்துக் கெட்டுப்போகும், பாடத்தில் கவனம் குன்றும். கையெழுத்துக் கெட்டதற்கு நாங்கள் ஆசிரியர்கள் முதலில் ஏசத்தான் செய்வோம். அதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்பதை இதைப் படித்த பின்னரே நானும் அறிந்தேன்.

வில்சனே தவறவிட்ட இடம்

1912ஆம் ஆண்டில் இலண்டனில் பணியாற்றிய சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் வைத்தியர் இந்நோயை விரிவாக விவரித்தார். மூளையின் ஒரு பகுதி சிதைவதும் ஈரல் இறுகுவதும் ஒரே ஆளில் சேர்ந்து வருகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். ஒரே குடும்பத்தில் அண்ணன், தங்கை எனச் சகோதரர்களுக்கு வருவதையும் அவர் கண்டார். ஆனால் பெற்றோர் நலமாக இருந்தார்கள். எனவே இது குடும்பத்தில் வரும் நோய், ஆனால் பரம்பரை நோயல்ல என்றே அவர் கருதினார். பார்த்தீர்களா, நீங்கள் விடைத்தாளில் விடும் அதே பிழை! பின்வந்த ஆய்வாளர்களே இது பின்னிடைவான இயல்பாகக் கடத்தப்படுகிறது என்பதை நிறுவினார்கள்.

பின்னிடைவானது என்றால் என்ன? "ஆட்சியான எதிருருவால் மறைக்கப்படுவது" என்று மனனம் செய்து எழுதுவீர்கள். விடை சரிதான்; ஆனால் ஏன் மறைக்கப்படுகிறது? தோட்டத்துக் கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரங்கள் இரண்டு உள்ளன என்று வையுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றதைக் கொண்டு தோட்டத்துக்குப் போதுமான நீரை இறைத்துவிடலாம்; பயிர் வாடாது. இரண்டும் பழுதானால்தான் வாடும். ஏ.ரி.பி. 7பி பரம்பரையலகும் அப்படித்தான். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு உண்டு. ஒன்று நல்லதாக இருந்தால் செப்பை வெளியேற்ற அதுவே போதும். அத்தகையவர் காவி எனப்படுவார். அவருக்கு நோய் இல்லை. வாழ்நாளில் வரவும் மாட்டாது. ஆனால் அவரது புணரிகளில் பாதி, பழுதான எதிருருவைச் சுமக்கும்.

நான்கில் ஒன்று என்பதன் பொருள்

பரீட்சையில் எதிருருக்களுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் இடுவீர்கள். இங்கே எளிதாக விளங்குவதற்கு, ஆட்சியான நல்ல எதிருருவை "ஆ" என்றும் பின்னிடைவான பழுதான எதிருருவை "பி" என்றும் குறிப்போம்.

பெற்றோர்: ஆபி × ஆபி
புணரிகள்: ஆ, பி × ஆ, பி
பிள்ளைகள்: ஆஆ, ஆபி, ஆபி, பிபி

பிறப்புரிமையமைப்பு விகிதம் 1:2:1. தோற்றவமைப்பு விகிதம் 3:1. பிபி மட்டுமே நோயுள்ளது. ஆகவே நோயுள்ள பிள்ளை பிறப்பதற்கான நிகழ்தகவு 1/4.

இனித்தான் சிக்கல். "நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் வரும்" என்று எழுதினால் அது பிழை. 1/4 என்பது ஒவ்வொரு கருக்கட்டலுக்கும் தனித்தனியே உரியது. முதற் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பினார்கள் என்றில்லை. வகுப்பில் நான் இரண்டு நாணயங்களைக் கொடுத்துச் சுண்டச் சொல்வேன். ஒரு நாணயம் தாய், மற்றது தந்தை. தலை விழுந்தால் ஆ, பூ விழுந்தால் பி. இரண்டிலும் பூ விழுந்தால் நோயுள்ள பிள்ளை. நான்கு முறை சுண்டினால் ஒரு குடும்பம். சிலருக்கு நான்கு முறையும் பூப்பூ விழாது. ஒருவனுக்கு அடுத்தடுத்து இருமுறை விழும். நாணயத்துக்கு முன் விழுந்தது ஞாபகமிருக்காது. கருவுக்கும் அண்ணனின் நோய் ஞாபகமிருக்காது.

கணிதப் பாடத்தில் படித்த நிகழ்தகவை இங்கே பயன்படுத்துங்கள். நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கும் நோய் இல்லாதிருக்க 3/4 × 3/4 × 3/4 × 3/4 = 81/256, அதாவது ஏறக்குறைய 32 சதவீதம். சரியாக ஒருவருக்கு மட்டும் நோய் இருக்க 4 × 1/4 × 27/64 = 27/64, அதாவது 42 சதவீதம். "நான்கில் ஒருவர்" என்று நாம் உறுதியாகச் சொல்லும் நிலை பாதிக் குடும்பங்களில்கூட அமைவதில்லை!

அடுத்த சிக்கல் பலரை விழுத்துவது. நோயுள்ள பிள்ளையின் அண்ணனுக்கு நோயில்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அவர் காவியாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? 2/4 என்று எழுதாதீர்கள். அவருக்கு நோயில்லை என்பது தெரிந்ததால் பிபியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். மிகுதி மூன்று: ஆஆ, ஆபி, ஆபி. அவற்றில் இரண்டு காவி. ஆகவே விடை 2/3. கலைப் பட்டதாரியான எனக்கு இது விளங்க இரண்டு நாள் எடுத்தது. உங்களுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தால் வெட்கப்பட வேண்டாம்.

மச்சான், மச்சாள் திருமணம்

நம்மிடையே மாமன் மகளையும் அத்தை மகனையும் முடிப்பது பழைய வழக்கம். இதனால் பிள்ளைக்கு நோய் வரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒன்றும் வராது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம்.

வில்சனின் நோய் ஏறத்தாழ 30 000 பேரில் ஒருவருக்கு வருவதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அவ்வாறெனில் காவியர் ஏறத்தாழ 90 பேரில் ஒருவர். காவியான ஓர் ஆண் உறவில்லாத ஒரு பெண்ணை மணந்தால், அவளும் காவியாக இருக்க நிகழ்தகவு 1/90. பிள்ளைக்கு நோய் வர 1/90 × 1/4 = 1/360.

அதே ஆண் மாமன் மகளை மணந்தால்? அவனது பி எதிருரு தாயிடமிருந்து வந்திருக்க 1/2. தாயிடம் இருந்தால் அவளின் சகோதரனிடமும் இருக்க 1/2. மாமனிடம் இருந்தால் மகளுக்குச் சென்றிருக்க 1/2. மூன்றையும் பெருக்கினால் 1/8. பிள்ளைக்கு நோய் வர 1/8 × 1/4 = 1/32. பதினொரு மடங்குக்கும் அதிகம். ஆயினும் 32இல் 31 பங்கு நோயில்லாப் பிள்ளை பிறக்கும் வாய்ப்பே என்பதையும் மறைக்கக்கூடாது. உறவுத் திருமணம் விகாரத்தை உண்டாக்குவதில்லை. முன்னரே மறைந்திருக்கும் ஒரே எதிருரு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பைத்தான் அது கூட்டுகிறது. உறவில்லாத பெற்றோருக்கும் இந்நோயுள்ள பிள்ளைகள் பிறக்கிறார்கள். "தாய்வழிக் குறை" என்று ஒரு பெண்ணை மட்டும் குற்றஞ்சாட்டுவதற்கு இங்கே இடமேயில்லை. பிபி உண்டாக இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்தாக வேண்டும்.

கண்டறிதலும் மருந்தும்

குருதியில் செரூலோபிளாசுமின் குறைந்திருக்கிறதா, 24 மணித்தியாலத்தில் சேர்த்த சிறுநீரில் செப்பு மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண் வைத்தியர் விசேட ஒளிக்கருவியால் கருவிழியின் வெளி விளிம்பைச் சோதிப்பார். செப்புப் படிந்து பழுப்பு அல்லது பச்சை கலந்த வளையம் தெரிந்தால் அது முக்கியமான சான்று. இதைக் கெய்சர் 1902இலும் பிளெய்சர் 1903இலும் விவரித்தனர். ஈரல் மட்டும் தாக்கப்பட்ட பிள்ளைகள் பலரில் இவ்வளையம் இன்னும் தோன்றியிருக்காது. வளையம் இல்லை, ஆகவே நோயில்லை என்ற முடிவுக்கு வரமுடியாது.

நோய்க்குக் காரணம் தேங்கும் செப்புத்தான் என்று தெரியவந்த பின், 1951இல் செப்பைப் பிணைத்து வெளியேற்றும் ஓர் ஊசிமருந்து முயன்று பார்க்கப்பட்டது. அது மிகுந்த வலி தருவது. 1956இல் ஜோன் வோல்சி என்ற பிரித்தானிய வைத்தியர் வாயால் உட்கொள்ளக்கூடிய பெனிசிலமீன் என்ற மருந்தை அறிமுகப்படுத்தினார். நோயாளிக்குக் கொடுக்குமுன் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். அம்மருந்து செப்பைப் பிணைத்துச் சிறுநீருடன் வெளியேற்றுகிறது. நாக உப்புகளும் கொடுக்கப்படுகின்றன. நாகம் குடற் கலங்களில் ஒரு புரதத்தைப் பெருக்குகிறது. அது செப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, அக்கலங்கள் உதிரும்போது செப்பும் மலத்துடன் போய்விடுகிறது. ஈரல் இறைச்சி, நண்டு போன்ற ஓடுள்ள கடலுணவு, மரமுந்திரிகைப் பருப்பு, சொக்கலேற் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். செப்புப் பாத்திரத்தில் சமைப்பதும் தண்ணீர் வைத்துக் குடிப்பதும் கூடாது.

மருந்து வாழ்நாள் முழுவதற்கும் உரியது. உடம்பு தேறிவிட்டதென்று எண்ணித் தாமே நிறுத்தியவர்களுக்கு ஈரல் திடீரெனச் செயலிழந்து உயிராபத்து ஏற்பட்டதுண்டு. மருந்து செப்பைத்தான் அகற்றுகிறது, பரம்பரையலகைத் திருத்துவதில்லை.

ஒரு பிள்ளைக்கு இந்நோய் உறுதியானால் அதன் சகோதரர் அனைவரையும், நலமாக ஓடியாடித் திரிந்தாலும், பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 1/4 வாய்ப்பு இருக்கிறது. அறிகுறி தோன்றுமுன் மருந்தைத் தொடங்கிய பிள்ளை ஒழுங்காக அதை உட்கொண்டால் நோயே வெளிப்படாமல் வாழலாம். புதிதாகப் பிறந்த குழந்தைகளில் செரூலோபிளாசுமின் இயற்கையாகவே குறைவாக இருப்பதால், பிறந்தவுடன் அதை அளந்து முடிவுசொல்ல முடியாது. சற்று வளர்ந்த பின்னரே பார்ப்பார்கள்.

கலற்றோசீமியா பற்றிச் சுருக்கமாக

ஒப்பிடும்படி கேட்டால் இதை எழுதலாம். பாலிலுள்ள இலற்றோசு சமிக்கும்போது குளுக்கோசும் கலற்றோசும் உண்டாகின்றன. கலற்றோசை மாற்றும் ஒரு நொதியத்திற்கான பரம்பரையலகு 9ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் இரு எதிருருக்களும் பழுதானால், பால் குடிக்கத் தொடங்கிய சில நாள்களிலேயே குழந்தைக்கு மஞ்சள் நிறமும் வாந்தியும் வரும், ஈரல் பாதிக்கப்படும். தாய்ப்பாலையும் நிறுத்திச் சோயா வகைப் பாலுணவு கொடுப்பார்கள். இதுவும் பின்னிடைவானதே. வில்சனின் நோயில் ஆண்டுக்கணக்கில் தேங்கும். இதில் நாள்கணக்கில் தேங்கும். பிறந்த குழந்தைகள் பலருக்கு முதல் வாரத்தில் வரும் சாதாரண மஞ்சள் நிறம் இதுவல்ல. ஈரலின் நொதியம் இன்னும் முதிராததால் வரும் அது பெரும்பாலும் தானே மறையும்.

மாதிரி வினா

முதல்நிலை மைத்துனரான, நலமான பெற்றோருக்கு மூன்று பிள்ளைகள். 16 வயது மகனுக்கு நோயில்லை எனப் பரிசோதனையில் தெரிந்தது. 12 வயது மகனுக்கு வில்சனின் நோய் உண்டு. 9 வயது மகள் இன்னும் பரிசோதிக்கப்படவில்லை. தாய் மீண்டும் கருவுற்றிருக்கிறார்.

(அ) பெற்றோரின் பிறப்புரிமையமைப்புகள் யாவை? காரணம் தருக.
(ஆ) மூத்த மகன் காவியாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது?
(இ) மகளுக்கு நோய் இருப்பதற்கான நிகழ்தகவு யாது?
(ஈ) "ஒருவருக்கு வந்துவிட்டது, இனிப் பிறக்கும் பிள்ளைக்கு வராது" என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். கருத்துரைக்க.
(உ) 12 வயது மகனுக்கு, நோயற்ற ஒருவரின் ஈரற் பகுதி மாற்றிப் பொருத்தப்படுகிறது. அவர் வளர்ந்து, ஆஆ பிறப்புரிமையமைப்புள்ள பெண்ணை மணந்தால் பிள்ளைகளின் பிறப்புரிமையமைப்பு யாது?

விடைகள்

(அ) இருவரும் ஆபி. நோயுள்ள மகன் பிபி ஆகையால் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பி வந்திருக்க வேண்டும். அவர்கள் நலமாக இருப்பதால் ஒவ்வொருவரிடமும் ஓர் ஆ உண்டு.

(ஆ) 2/3.

(இ) 1/4. பெண் என்பதால் குறையாது; இது இலிங்க இணைந்த நோயன்று. பரிசோதனை உடனே அவசியம் என்று சேர்த்து எழுதுங்கள்.

(ஈ) பிழை. ஒவ்வொரு கருக்கட்டலும் தனி நிகழ்ச்சி, இப்பிள்ளைக்கும் 1/4.

(உ) எல்லோரும் ஆபி, அதாவது காவியர். புதிய ஈரலின் கலங்களில் கொடையாளரின் நல்ல பரம்பரையலகு இருப்பதால் அவரது உடலில் செப்பு வழமைபோல வெளியேறும், நோய் குணமாகும். ஆனால் புணரிகள் உண்டாவது விதைகளில். அங்குள்ள கலங்கள் இன்னும் பிபி ஆகவே இருக்கின்றன. "ஈரல் மாறியதால் பிள்ளைகள் ஆஆ" என்று எழுதியவர்கள் மேலே புணரிகள் பற்றிக் கூறிய பந்தியை மறுபடி வாசிக்கவும்.